பால் பொங்கற நேரம்

சோறு போட்டா வளரும், தண்ணி குடுத்தா செத்துப்போயிரும். அது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்?

மாடா? ஏனுங்க, கையில மாட்டுக் கவுறு இருக்குதுங்கறதுக்காக எல்லாத்துக்கும் மாட்டையே சொன்னா எப்படீங்க? உங்க மாடு இப்பத்தான் ஒரு பக்கெட் தண்ணிய ஒரே மூச்சுல உறிஞ்சிப்போட்டு நிக்குது. செத்தா போச்சு? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க, அவசரமில்ல. அந்தச் சேர நெழலுக்கு இழுத்துப் போட்டு உக்காருங்க. அட, உக்காருங்க, நானும் உக்காந்துதானே இருக்கறேன். மாட்ட அந்த வேப்பமரத்துல கட்டிருங்க. செடியக் கடிச்சாக் கடிச்சுட்டுப் போகுது.

இல்லீங்க, இப்ப உள்ள போகாதீங்க. அய்யரு பால் வெக்கச் சொல்லிட்டாரு. பால் ஆனதுக்கப்பறம் என்ர பையன் வந்து உங்களுக்கு வேட்டி துண்டெல்லாம் குடுப்பான். எல போட்டுச் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். இப்ப அடுப்புல இருக்கறது உங்க மாட்டுப் பால்தானுங்களே? காலையில கறந்ததா? அப்ப இந்த விசயத்துல உங்களுக்கும் பங்கு இருக்குது.

உங்க பேரு என்னங்க? மயில்சாமியா. எந்த ஊரு, கணபதியா? அங்கிருந்து இந்தச் சின்னவேடம்பட்டி வரைக்கும் மாட்டையும் கன்னையும் நடத்தியே கூட்டியாந்துட்டீங்களா! அந்த டிராபிக்லயா?

நானா? நான் பெஸிங்க. பெஸி கான்ட்ராக்டர். கான்ட்ராக்டர்ங்கறது வேலை மட்டும் இல்லீங்க, எங்க குடும்பப் பேரே அதுதான். நாங்க பார்சிக்காரங்க. எங்க சனத்துல அப்படித்தான் பேரு இருக்கும். எஞ்சினியர்னு குடும்பப் பேரு வெச்சுக்கிட்டு மருந்துக்கடை நடத்துவாங்க. எனக்கு மட்டும் பேரும் வேலையும் ஒண்ணா அமைஞ்சுபோச்சு. அந்த ரோட்டுக் கடைசியில உசரமாத் தெரியுது பாருங்க, அது நம்ம கட்டினது. அதுக்குப் பின்னால இருக்கற காலேஜும் நம்முதுதான், அதாவது கட்டினது.

சிரிக்காதீங்க, எல்லாரும் சேட்டுன்னுதான் கூப்புடறாங்க. ஒருத்தரு துணி மொத்தமா எடுக்கோணும்னு எங்க ஆபீசுக்கே வந்துட்டாரு. நான் பொறந்தது, படிச்சது, கீழ விழுந்து பல்லு ஒடஞ்சது எல்லாம் இந்தக் கோயமுத்தூருதானுங்க. எங்க தாத்தா குசராத்துல நவ்சாரிப் பக்கமிருந்து ஒரு மில்லுக்குக் கூரை போட வந்தவரு. கூரை முடிஞ்சுது. ஒரு மழை வந்து ஒழுகுதா இல்லியான்னு பாத்துட்டு ஊருக்குப் போலாம்னு இருந்தாராம். மழை வந்துச்சு, ஒழுகல. ஆனா அவரு போகவும் இல்ல.

விடுகதைக்கு விடை தெரியலீங்களா? நெருப்புங்க. வெறகு, எண்ணெய், எதப் போட்டாலும் தின்னு வளரும். தண்ணியத் தெளிச்சா அவ்வளவுதான். இது நான் போட்ட விடுகதை இல்ல, என்ர பேத்தி ஜரீன் போட்டது. பையனோட பொண்ணு. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட, ஆட்டோக்காரர்கிட்ட, எங்க சைட்டுல கொத்துவேலை செய்யறவங்ககிட்ட, பாக்கறவங்ககிட்ட எல்லாம் போட்டுப் பாப்பா. கேட்டுட்டு ஒரு மொறப்பு மொறப்பா பாருங்க, பரிச்சை எழுதற மாதிரியே வேத்துப்போகும்.

இப்ப உள்ள அடுப்புக்கிட்ட நிக்கறது அவதான்.

ஏனுங்க, ஒரு ஒதவி. என்ர கண்ணாடிய உள்ள வெச்சுட்டு வந்துட்டேன், இங்கிருந்து வாசப்படி சரியாத் தெரியல. அங்க செருப்பெல்லாம் கெடக்குதுல்ல? அதுல பெரிய தோல் செருப்பு ஒண்ணு, டயர் அடி வெச்சது, பாத்தாலே இவ்வளவு பெரிய காலான்னு தோணும். இருக்குதுங்களா? இருக்குதா. சரிங்க. ஒண்ணுமில்ல, சும்மாத்தான் கேட்டேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், நெருப்பு. எங்களுக்கு நெருப்புன்னா ரொம்ப மரியாதைங்க. நெருப்பையே கும்புடறோம்னு வெளிய சொல்லுவாங்க, அப்படி இல்ல. சாமியத்தான் கும்புடறோம், நெருப்பு முன்னால நின்னு கும்புடறோம். அதனால அதுமேல எச்சி படக்கூடாது, வாயால ஊதி அணைக்கக்கூடாது, தண்ணி ஊத்தி அணைக்கக்கூடாது. ஜரீன் பாப்பா பொறந்தநாளைக்குக் கேக்குல மெழுகுவத்தி வெச்சா ஊதமாட்டா. எடுத்துத் தனியா ஒரு தட்டுல வெச்சிருவா, அது பாட்டுக்கு எரிஞ்சு முடியும். கூடப் படிக்கற புள்ளைங்க வந்தா, ஏன் ஊதல, ஏன் ஊதலன்னு அதுங்க தவிக்கும். ஒரு பையன் பொறுக்கமுடியாம ஊதியே போட்டான்!

கேஸ் அடுப்பா? நல்லாக் கேட்டீங்க. அதத் திருகி நிறுத்தலாம். என்ர சம்சாரம் ஃப்ரேனி பாப்பாவுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்திருக்கான்னா, திருகறது தீனிய நிறுத்தறது, நெருப்பு தானாத் தூங்கிக்கும். தண்ணி ஊத்தறதுதான் கொல்லறது. பாப்பாவோட விடுகதை அங்கிருந்துதான் வந்துச்சு.

இப்ப என்ர பாட்டைப் பாருங்க. தொழிலு ஊடு கட்டறது. கட்டி முடிச்சா கிரகப்பிரவேசம். கிரகப்பிரவேசம்னா பால் காய்ச்சறது. காய்ச்சறதுன்னா காபிக்குக் காய்ச்சற மாதிரி இல்ல, பொங்கி வழிஞ்சு அடுப்புல ஊத்தோணும். அதப் பாத்து எல்லாரும் கும்புடோணும். நான் அங்க நின்னு எப்படீங்க பாக்கறது? அவங்க மொறை அவங்களுக்கு, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பாக்கவும் என்னால ஆகாது. அதனால சாவியக் குடுப்பேன், கும்புடு போடுவேன், அய்யரு பால்னு வாயத் தொறந்தாப் போதும், போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டு வெளிய வந்துருவேன். போன் இல்லாத காலத்துல தொட்டியில தண்ணி நெரம்பிருச்சான்னு பாக்கப் போவேன். சேட்டுக்கு என்ன பொறுப்பு பாரு, விசேசத்தன்னிக்குக்கூட தொட்டியப் பாக்கறாருன்னு பேரு!

இந்த ஊர்ல எத்தன ஊட்டுக்குச் சாவி குடுத்திருக்கறேன், ஒரு ஊட்டுலயும் பால் பொங்கி நான் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கறீங்களா? நீங்களும் இல்லியா! ஆமா, மாட்டப் புடிச்சுட்டு வெளியவே நின்னுக்குவீங்க. சரியாப்போச்சு போங்க. ரெண்டு பேரும் ஒரே கூட்டம்.

அட, உங்க கன்னுக்குட்டி! அதுக்குள்ள மிதிச்சுப்போட்டுது பாருங்க. பரவால்ல, பரவால்ல, புடிக்க வேண்டாம். மிதிச்சது எங்க மீனுதான். கோலம் போட்டது மருமகப் பொண்ணு, அதுக்குப் பக்கத்துல வெள்ளையா மீன் மீனாத் தெரியுதே, அது ஃப்ரேனி போட்டது. நாங்க கையில போட மாட்டோம். ஓட்டை போட்ட தகரத்துல பொடியப் போட்டுத் தட்டுவோம், அச்சு விழும். மீனு நல்ல சகுனம் எங்களுக்கு. காலையில ரெண்டு பேரும் வாசல்ல குனிஞ்சு, ஆளுக்குப் பாதி எடம்னு கோடு போட்டுப் போட்டாங்க. கன்னுக்குட்டி கோட்டத் தாண்டிருச்சு, அவ்வளவுதான்.

மருமகளா? உங்க சனந்தானுங்க, இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். புவனா. கோபிசெட்டிபாளையம் செங்கோடன் மக. செங்கோடண்ணன் செங்கல் சூளை வெச்சிருக்கறாரு, வாழையும் நெல்லும் உண்டு. அவரு எனக்குச் சம்பந்தி ஆனது அப்பறம், அதுக்கு முன்னாலயே சிநேகிதம். நான் மொதமொத தனியா எடுத்த வேலைக்குக் கல்லு குடுத்தவரு அவருதான். லாரியில கூடவே வந்து, ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லுமேல தட்டி, சத்தத்தக் கேளு சேட்டு, வெங்கல மணின்னு சொல்லுவாரு. கல்லு ஒண்ணு கீழ விழுந்து ஒடஞ்சுபோச்சுன்னா அன்னிக்கு முழுக்க மூஞ்சி தொங்கிப்போயிரும்.

ஞாயித்துக்கெழமைன்னா எங்க ஊட்டுலதான் சாப்பாடு. நாங்க தான்சாக்குனு ஒண்ணு பண்ணுவோமுங்க, பருப்பு, காய், கறி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொழைய வேகவெச்சு, பழுப்புச் சோத்தோட. செங்கோடண்ணன் அதுக்கு அடிமை. மூணாவது தடவ வாங்கும்போது மட்டும் கொஞ்சம் வெக்கப்படுவாரு. புவனாவும் என்ர பையன் கைஸாத்தும் ஆசப்பட்டு நிச்சயம் பேசினப்ப அவரு வெச்ச ஒரே நிபந்தனை என்ன தெரியுங்களா? விருந்துக்குத் தான்சாக்கு போடோணும்! ஃப்ரேனி ஒரேயடியா ஆகாதுன்னுட்டா. எங்கள்ல அது துக்கம் கழிஞ்சு சாப்பிடறது, இல்லாட்டி சும்மா ஞாயித்துக்கெழமைக்கு, நல்ல காரியத்துக்கு வெக்கமாட்டோம். அப்படியான்னு கேட்டாரு. உங்க மொறைக்கு ஆகாதுன்னா வேண்டாம் தங்கச்சின்னு சொல்லிப்போட்டு, அன்னிக்குச் சேமியாவும் தயிரும் போட்டதச் சத்தமில்லாமச் சாப்பிட்டாரு. பெரிய மனுசனுங்க. மொறைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மறுபேச்சு இல்ல. அதே மாதிரி அவரு மொறைன்னு ஒண்ணு சொன்னா, அப்பவும் மறுபேச்சு இல்ல. அங்கதான் சிக்கலு.

செருப்பு இருக்குதுங்களா? இருக்குதா. நல்லது. பால் வெச்சுச் சித்த நேரந்தான் ஆச்சு. புதுப் பாத்திரம், சூடேற நேரமாகும்.

கல்யாணமாகி, பாப்பா பொறந்ததுக்கப்பறம், அவங்களுக்குக் கணபதியில நம்ம அபார்ட்மெண்டுலயே ஒரு பெரிய பிளாட் குடுத்தேன். உங்க ஊருதான், அந்த ஸ்கூலத் தாண்டி, பச்சை கலர் கட்டடம். அதா! அந்தச் செவுத்துலதான் மாட்டைக் கட்டுவீங்களா? கட்டிக்குங்க.

அந்தப் பிளாட்டுக்குப் பால் காய்ச்சறோம். கோபியிலருந்து ஒறம்பரை சனமெல்லாம் பஸ்ஸே வெச்சு வந்திருச்சு. நான் வழக்கம்போலப் போனைக் காதுல வெச்சுட்டு நழுவிட்டேன். ஒண்ணு மறந்துபோட்டேன் பாருங்க. அதுவரைக்கும் ஃப்ரேனி ஒரு கிரகப்பிரவேசத்துக்கும் வந்ததில்ல. நாங்க கட்டின ஊட்டுக்கெல்லாம் நான் மட்டுந்தான் போவேன். பால எதுக்கு வெக்கறாங்கன்னு அவளுக்கு யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், யாரு சொல்லுவாங்க?

உள்ள நடந்தத எனக்குப் புவனாதான் சொன்னா. பால் மேல வருது. எல்லாரும் பொங்குது பொங்குதுங்கறாங்க. எல்லாரும் கும்புட்டுட்டு நிக்கறாங்க, ஒருத்தரும் அடுப்பத் தொடல. ஃப்ரேனி பாக்கறா. இத்தன பேரு நின்னு வேடிக்கை பாக்கறாங்களே, ஒருத்தருக்கும் கை வரலியேன்னு பதறிப்போட்டா. பட்டுச் சேலையோட கூட்டத்துக்குள்ள பூந்து, குமிழத் திருகி, வெறுங்கையில அந்தச் சட்டியத் தூக்கி எடுத்து, கை வெந்துபோச்சு, திரும்பி எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொல்றா, நல்லவேளை நான் பாத்தேன், ஒரு சொட்டுகூடக் கீழ போகல!

சிரிங்க, சிரிங்க. எனக்கும் இப்பச் சிரிப்புத்தான் வருது. அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கல.

செங்கோடண்ணன் துண்ட ஒதறித் தோள்ல போட்டாராம். பால் பொங்காத ஊட்டுல நான் கால் வெக்கமாட்டேன், பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்னு அத்தன ஒறம்பரை முன்னால சொல்லிப்போட்டாரு. நான் உள்ள ஓடி வாரதுக்குள்ள செருப்புப் போட்டுட்டு லிப்டுல எறங்கிட்டாரு. சரி, இன்னொருக்காப் பால் வெச்சு நல்லாப் பொங்க உட்டுரலாம்ணான்னு போன்ல கெஞ்சினேன். ஒரு ஊட்டுக்கு ஒருக்காத்தான் சேட்டு, ரெண்டாவது பொங்கறது பொங்கறதாகாதுன்னு போன வெச்சுட்டாரு.

ஃப்ரேனியாவது போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவ என்ன சொன்னா? நான் நெருப்பக் காப்பாத்துனேன், அதுக்கு மன்னிப்பா? கையில கட்டோட நின்னு கேட்டா. அவ சொல்றதும் நாயந்தான். அவரு சொல்றதும் நாயந்தான். நான் நடுவுல.

அதுக்கப்பறம் பாருங்க, செங்கோடண்ணன் வராம இல்ல. ஞாயித்துக்கெழமை தவறாம கோபியிலருந்து கார்ல வருவாரு. பிளாட் கேட்டுக்கிட்ட வண்டிய நிறுத்தி ஆரன் அடிப்பாரு. பாப்பா ஓடுவா. வாழத்தாரு, எளநீ, அரிசி எல்லாத்தையும் கேட்டுலயே எறக்கிவெச்சுப்போட்டு, அவளக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வந்து, கேட்டுலயே உட்டுட்டுப் போயிருவாரு. உள்ள ஒரு அடி கிடையாது. மழைன்னா கொடையப் புடிச்சுட்டு நிப்பாரு. அவரு சம்சாரம் சாந்தாமணியம்மா பாட்டுக்கு மேல ஏறி வந்து, சபதம் போட்டது அவருதான், நானில்ல, எனக்கு ஒரு காபி குடுன்னு சோபால சாஞ்சுக்குவாங்க. அவங்க காபி குடிச்சு முடிக்கற வரைக்கும் அண்ணன் கீழ கார்ல.

எங்க ஞாயித்துக்கெழமைச் சாப்பாடு? நின்னுபோச்சுங்க. என்ர ஊட்டுக்கும் வரல. ஃப்ரேனி இருக்கற ஊடுதானே அதுவும். அவ இன்னிக்கு வரைக்கும் தான்சாக்கு ஒரு ஆளுக்குச் சேத்து எச்சாத்தான் வெப்பா. திங்கக்கெழமை அதையே சூடு பண்ணித் திம்போம்.

பாப்பா அவருக்கு வெச்ச பேரு கேட்டு அப்புச்சி. அம்மாவோட அப்பாவ இங்க அப்புச்சின்னுதானுங்களே சொல்லுவீங்க. என்னைய பபாவாஜின்னு எங்க மொறையில கூப்புடுவா. ஒருநாள் ஸ்கூல்ல, எங்க வீடுன்னு படம் வரையச் சொல்லியிருக்கறாங்க. கட்டடம் போட்டு, உள்ள எல்லாரையும் போட்டிருக்கா. அம்மா, அப்பா, நான், ஃப்ரேனி, மீன்தொட்டி எல்லாம். வெளிய கேட்டுக்கிட்ட உசரமா ஒரு ஆளு, துண்டோட. டீச்சர் கேட்டிருக்கறாங்க, இது யாரு, வாச்மேனான்னு. இல்ல மிஸ், எங்க அப்புச்சி, அவரு அங்கதான் இருப்பாருன்னு சொல்லியிருக்கா. அழுகலியாம், ஒண்ணுமில்லியாம். சூரியன் மேல இருக்கும்னு சொல்ற மாதிரி சொன்னாளாம்.

சத்தம் கேக்குதுங்களா உள்ள? இல்லியா. எனக்கு ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு. இந்த மேளக்காரரும் இந்த நேரம் பாத்து நிறுத்திப்போட்டாரு.

ஆமா, அவரு இன்னிக்கு மட்டும் எப்படி உள்ள போனாருன்னுதானே கேக்கறீங்க? இது புது ஊடு, இன்னும் பால் வெக்காத ஊடு. வெச்சுப் பொங்காமப் போனாத்தானே பொங்காத ஊடு? அதுவரைக்கும் கால் வெக்கறதுல தப்பில்லியாம். அவரே அய்யரு ரெண்டு பேருகிட்ட வெசாரிச்சுட்டுத்தான் சொன்னாரு. ஆனா முன்கூட்டியே சொல்லிப்போட்டாரு, அங்கயும் பொங்கலீன்னா எந்திரிச்சு வந்துருவேன் சேட்டு, என்னையத் தப்பா நெனச்சுக்காதேன்னு.

ஃப்ரேனியோ, நான் சமையக்கட்டுல நிப்பேன், கையக் கட்டிக்கிட்டு நிப்பேன், ஆனா பொங்க உடுங்கன்னு என்ர வாயால வராதுன்னா. புவனா பாவம், அப்பனுக்குப் பயந்துக்குவாளா, மாமியாளுக்குப் பயந்துக்குவாளா? என்னைய உட்டுருங்க மாமா, நான் அடுப்புப் பக்கமே வரலைன்னுட்டா. கைஸாத்து என்ர புள்ள, அவன் இப்பவே போனக் கையில எடுத்துட்டான்.

அப்பத்தான் பாப்பா நடுவுல வந்தா. பால நான் பாத்துக்கறேன்னா. போன ஞாயித்துக்கெழமை கேட்டுக்கிட்ட நின்னு, கம்பிக்குள்ள கைய நீட்டி, அப்புச்சி, நான் என்ன பண்ணுனாலும் அது சரின்னு கையில அடிச்சுக் குடுன்னு கேட்டிருக்கா. அவரும் குடுத்துப்போட்டாரு. ஃப்ரேனிகிட்டயும் அதே மாதிரி வாங்கிட்டா. என்ன கண்ணு பண்ணப்போறேன்னு நானும் எப்படியெல்லாமோ கேட்டுப் பாத்தேன். பபாவாஜி, விடுகதைக்கு முன்னாலயே விடைய யாராவது சொல்லுவாங்களாங்கறா.

இப்பப் பாருங்க, செங்கோடண்ணன் சபதம் ஒரு பக்கம். பாப்பாவுக்குக் கையடிச்சுக் குடுத்தது இன்னொரு பக்கம். ரெண்டும் அவரு வாயிலருந்து வந்ததுதான். எத வெச்சுக்குவாரு, எத உடுவாரு? அந்தச் செருப்பு அங்கயே கெடந்தா ஒண்ணு. அதுல காலு பூந்துச்சுன்னா இன்னொண்ணு. பூந்துச்சுன்னா, இனி அவரு எந்த ஊட்டு வாசலையும் மிதிக்கமாட்டாரு, எனக்குத் தெரியும். பாப்பா பெரியவளாகி அவ கல்யாணத்துக்கும் அந்த மனுசன் மண்டபத்து கேட்டுலதான் நிப்பாரு.

நானா, நான் ஏன் உள்ள நிக்கலீங்கறீங்களா? பாப்பாவுக்கு என்ர மூஞ்சி தெரியக்கூடாதுங்க. என்ர மூஞ்சியப் பாத்தா எனக்கு எது வேணும்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். எனக்கு என்ன வேணுமா? அதச் சொன்னாச் சிரிப்பீங்க. நான் இந்த வயசு வரைக்கும் நெருப்பு முன்னால நின்னு கும்புட்டவன். ஆனா இன்னிக்குக் காலையில குளிச்சுட்டு வந்து, ஆண்டவனே, அந்தப் பால் ஒரே ஒருக்காப் பொங்கிட்டுப் போகட்டும்னு கேட்டேன். நெருப்பு முன்னால நின்னுதான் கேட்டேன். அது என்ன நெனச்சுதோ!

ஊடு நல்லா இருக்குதுங்களா? நல்லாத்தான் கட்டியிருக்கறோம். கல்லு எல்லாம் செங்கோடண்ணன் சூளைதான். மாடி அறையிலருந்து பாத்தா மலை தெரியும். பின்னால தோட்டத்துக்கு எடம் உட்டிருக்கறேன். கைஸாத்து கேட்டான், எதுக்குப்பா இன்னொரு ஊடு, பிளாட்டே பெருசு, ஸ்கூலும் பக்கம், இங்க வந்தா பாப்பாவுக்குத் தூரமில்லியான்னு. மலைக்காத்து வரும்டான்னு சொல்லி வெச்சேன். ஃப்ரேனி கேட்டா, தோட்டம் போட எடம் வேணும்னு சொன்னேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எங்களுக்கு இந்த ஊடு தேவையே இல்லீங்க. பாப்பா வரைஞ்ச படத்தப் பாத்த மறுநாளு வந்து இந்த எடத்தப் பேசி முடிச்சுப்போட்டேன். ஒரு ஊட்டுக்கு ஒருக்காத்தான் பால்னு சொல்லிட்டாரே அந்த மனுசன். அப்ப இன்னொருக்காப் பால் வெக்கோணும்னா இன்னொரு ஊடுதானே வேணும்? எனக்குத் தெரிஞ்சது கட்டறது ஒண்ணுதான், கட்டிப்போட்டேன். ஒரு சட்டிப் பாலுக்காக.

யாருக்கும் சொல்லிப்போடாதீங்க.

கதவு தொறக்குதுங்களா? யாரு வாரது? புவனாவா? கையில என்ன வெச்சிருக்கா, தட்டா? டம்ளரா. ஓ, பாலா.

வா கண்ணு. மொதல்ல இவருக்குக் குடு, இவரு மாட்டுப் பால்தானே. எடுத்துக்குங்க மயில்சாமி, சூடா இருக்கும், பாத்து. உக்காந்துட்டே வாங்கிக்குங்க, எந்திரிக்க வேண்டாம்.

சொல்லு கண்ணு. ம். ம். அப்படியா. அத்தை என்ன பண்ணினா? கையக் கட்டுனது கட்டுனபடியே நின்னாளா. பாவம், எப்படித்தான் நின்னாளோ. உங்கப்பா? ம். துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரா? அப்பறம்? பாப்பா போயிப் பால் டம்ளரக் கையில குடுத்தாளா. எவ்வளவு நேரம் பாத்துட்டே நின்னாரு? அப்பறம்? சரி. முழுசாவா குடிச்சாரு? இப்ப எங்க இருக்காரு? சமையக்கட்டுலயா? அத்தையும் அங்கதானா? ரெண்டு பேரும் என்ன பேசிக்கறாங்க? தான்சாக்கா! இன்னிக்கு ஆகாதுன்னு சொல்லு, நாளைக்கு ஞாயித்துக்கெழமை, நாளைக்கு வெக்கலாம்னு சொல்லு. போ, போ, நான் பின்னாலயே வாரேன்.

மயில்சாமி, கடைசியா ஒருக்கா அந்தச் செருப்ப மட்டும் பாத்துச் சொல்லிருங்க. அங்கயேதானா? சரிங்க.

என்ன ஆச்சுன்னா கேக்கறீங்க? பால் நல்லாத்தான் மேல வந்துச்சாமுங்க, சட்டி வாய் வரைக்கும். பாப்பா அடுப்பத் திருகி நிறுத்திப்போட்டாளாம்.